வேலி ஓணானும் விருந்தாளிச் சிறுவனும்

யாழ்ப்பாணப் பட்டினத்தின் மேற்கெல்லையிலே பண்ணைக்கடல் ஆழமின்றிப் பரந்து கிடக்கின்றது. அக்கடலை ஊடறுத்துச் செல்லும் தாம்போதியிற் புறப்பட்டால், மண்டைதீவை ஒரு புறத்தே விட்டு, வேலணைத் தீவை அடையலாம். அத்தீவின் வடமேற்கு நுனியிலே ஊர்காவற்றுறை. வேலணையிலிருந்து இன்னொரு தாம்போதி நம்மைப் புங்குடுதீவிற் கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கே குறிகட்டுவான் துறையோடு தரைவழி முடிந்துவிடும். அப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்ல விரும்புவோர் படகேற வேண்டியதுதான்.

ஒல்லாந்தர் இத்தீவுகளை ஆண்ட காலத்திலே தம் தாய்நாட்டு நகரங்களின் பெயர்களையே இவற்றுக்குச் சூட்டினர். வேலணைத் தீவு லைடன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. ஏனைய பெயர்கள் ஏட்டோடு நின்றுவிட, டெல்வ்ற் என்னும் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் இன்றளவும் வழங்குகின்றது.

தீவகத்தைப் பற்றி எழுதுவோர் கோயில்களை எழுதுவர்; கோட்டைகளை எழுதுவர்; நெடுந்தீவின் குதிரைகளை எழுதுவர். ஆனால் இத்தீவுகளில் எந்த ஒழுங்கையில் நடந்தாலும் நம்மை முதலில் எதிர்கொண்டு, தலையை மேலும் கீழும் ஆட்டி, “யார் நீ?” என்று வினவுவதுபோல் நோக்கும் ஒரு குடியிருப்பாளனைப் பற்றி எழுதினாரைக் காண்பது அரிது. அவன்தான் வேலி ஓணான். சென்ற ஆடி மாதம் நாம் மேற்கொண்ட தீவகப் பயணத்திலே அந்த ஓணானே நமக்கு ஓர் ஆசிரியனாக அமைந்தான். அதற்குக் காரணமாயிருந்தவன் ரொறன்ரோ நகரத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நம் மருமகன். அவனுக்கு வயது பன்னிரண்டு.

ஊர்காவற்றுறையின் வெற்று வளவுகள்

ஊர்காவற்றுறை பழம்பெருமை வாய்ந்த துறைமுகம். எதிரே காரைநகர், இடையே கடலின் நடுவில் ஹமன்ஹீல் என்னும் கடற்கோட்டை. இலங்கைத் தீவு பன்றித் தொடையின் வடிவினது என்றும், இக்கோட்டை அத்தொடையின் குதிகால் போன்றது என்றும் கருதியே ஒல்லாந்தர் அதற்கு அப்பெயரை இட்டனராம். துறையைக் கண்டு சற்றே உள்ளே நடந்தால், கூரையிழந்த வீடுகளும் ஆலமரம் வேரோடிய சுவர்களும் கண்ணிற் படுகின்றன. 1990, 1991 ஆம் ஆண்டுகளில் போரின் காரணமாகத் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். திரும்பி வந்தோர் சிலர்; கடல் கடந்து சென்று அங்கேயே வேரூன்றிவிட்டோர் பலர். சிறுவனின் தாயும் அவ்வாறு சென்றவரே.

அவர் பிறந்த வளவின் முன்னே நாம் நின்றோம். கதவு இல்லை, கூரை இல்லை. கிடுகு வேலி நின்ற இடத்திலே கிளுவைக் கதியால்கள் மட்டும் தழைத்து நின்றன. அக்கதியால் ஒவ்வொன்றிலும் ஓர் ஓணான். கழுத்துச் சிவந்த பெரிய ஆண் ஓணான் ஒன்று உச்சியில் இருந்தபடி எம்மை நோக்கித் தலையை ஆட்டிற்று.

தமக்கையார் பெருமூச்செறிந்து, “நாங்கள் விட்டுப்போன வீட்டை இவையள்தான் காவல் காத்திருக்கினம்” என்றார்.

சிறுவனோ அவ்விடத்திலேயே மெல்லக் குந்தி உட்கார்ந்துவிட்டான். கையை நீட்டவில்லை, கூச்சலிடவில்லை. கண்களை அகல விரித்து, “மாமா, இது எங்கட வீட்டிலை நிக்கிற வீரனுக்குச் சொந்தக்காரன்!” என்றான்.

வீரன் என்பது அவன் ரொறன்ரோவிலே கண்ணாடிக் கூட்டில் வளர்க்கும் ஓணானின் பெயர். ஆங்கிலத்தில் அதனைப் பியர்டட் டிராகன் என்பர். நாம் தாடி ஓணான் என்றே அழைப்போம்.

தாடி ஓணான் என்னும் உறவினன்

சிறுவன் சொன்னது வெறும் விளையாட்டுப் பேச்சன்று. நம் வேலி ஓணானும் தாடி ஓணானும் விலங்கியலார் வகுத்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்தின் பெயர் அகாமிடே. தாடி ஓணானின் தாயகம் அவுஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதி. தலை முதல் வால் நுனி வரை ஓர் அடி முதல் இரண்டடி வரை வளரும். தொண்டையின் கீழும் கன்னங்களின் ஓரத்திலும் முள் போன்ற செதில்கள் வரிசையாக உள்ளன. அச்சம் கொண்டாலோ சினம் கொண்டாலோ தொண்டையை உப்பச் செய்து கரிய நிறமாக்கும். அப்போது பார்த்தால் கருந்தாடி வைத்த கிழவனைப் போலவே தோன்றும்.

நம் நாட்டிலும் தாடிக்குக் குறைவில்லை. வடபகுதிக் கடற்கரை மணல்வெளிகளிலே விசிறித் தொண்டை ஓணான் என்னும் சிற்றினம் ஒன்று உண்டு. விரலளவே உடலுடைய அப்பிராணியின் ஆண், இனப்பெருக்க காலத்தில் தொண்டைத் தோலை விசிறிபோல் விரித்து வண்ணம் காட்டும். விலங்கியலார் சித்தானா என்று பெயரிட்ட பேரினம் அது. புதுச்சேரியின் பெயர் தாங்கிய அதன் இனமொன்றைக் குவியே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1829 ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார்.

தாடி ஓணானுக்கு மொழி உண்டு. தலையை விரைந்து ஆட்டினால், “இது என் இடம்” என்பது பொருள். முன்னங்கால் ஒன்றைத் தூக்கி மெல்ல வட்டமிட்டு அசைத்தால், “உன்னோடு எனக்குப் பகையில்லை” என்பது பொருள். நல்ல பராமரிப்பில் பத்து ஆண்டுகளுக்கு மேலும் உயிர் வாழக்கூடியது. ஆதலால் அதனை வாங்குவது ஒரு விளையாட்டுப் பொருளை வாங்குவது போலன்று. பத்து வயதிலே வளர்க்கத் தொடங்கும் பிள்ளை பல்கலைக்கழகம் புகும் காலத்திலும் அது கூட்டிலே காத்திருக்கும்.

அவுஸ்திரேலிய அரசு தன் நாட்டுக் காட்டுயிர்களை உயிரோடு வணிகத்திற்காக ஏற்றுமதி செய்வதைப் பல பத்தாண்டுகளாகத் தடைசெய்துள்ளது. இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் வீடுகளில் வாழும் தாடி ஓணான்கள் தலைமுறை தலைமுறையாகக் கூட்டிலேயே பிறந்து வளர்ந்தவை. அவ்வாறிருந்தும் அவை நாயைப் போலவோ பசுவைப் போலவோ மனிதனுடன் வாழப் பழகிய பரம்பரையல்ல. ஒவ்வொரு தாடி ஓணானும் தன் வாழ்நாளிலே மனிதக் கையை நம்புவதற்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

நயினாதீவும் கருடன் கல்லும்

குறிகட்டுவானில் படகேறிச் சிறிது நேரத்திலே நயினாதீவின் கோபுரம் தெரியத் தொடங்கிவிடும். நாகபூசணி அம்மன் ஆலயமும், சற்றுத் தொலைவில் நாகதீப விகாரையும் அமைந்த புண்ணிய பூமி அது. பெயரிலேயே நாகத்தைத் தாங்கிய தீவு. முன்னொரு காலத்தில் நாகம் ஒன்று அயலிலுள்ள புளியந்தீவிலிருந்து அம்மனுக்குப் பூவேந்திக் கடலில் நீந்தி வந்ததாம். அதனைக் கண்ட கருடன் மேலிருந்து பாய்ந்ததாம். நாகம் கடலிடையே நின்ற ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டு உயிருக்குப் போராடிற்றாம். அவ்வழியே வந்த வணிகன் ஒருவன் இரங்கிக் கருடனை வேண்டி நாகத்தைக் காத்தானாம். பாம்பு சுற்றிய கல் என்றும் கருடன் கல் என்றும் இரண்டு கற்களை இன்றும் காட்டுவர்.

படகோட்டி ஐயா இக்கதையைச் சொல்லி முடித்ததும் சிறுவன் ஒரு கேள்வி கேட்டான்.

“மாமா, கருடன் எந்தப் பக்கத்தாலை வந்தது?”

“மேலாலைதானே வரும்” என்றோம்.

“அதுதான் மாமா. வீரனை நான் ஒருநாளும் மேலாலை கையை விட்டுத் தூக்கிறேல்லை. மேலாலை கை வந்தால் அது கருடன் எண்டு நினைச்சுப்போடும்.”

வாசக நேயர்களே, இதனினும் தெளிவான பாடத்தை எந்நூலிற் கற்பது? ஓணான் குலத்துக்கு உச்சந்தலையிலே மூன்றாவது கண் ஒன்று உண்டு. செதிலொன்றின் நடுவே சிறு புள்ளியாகத் தோன்றும் அக்கண் உருவங்களைக் காணாது. ஒளியையும் நிழலையும் மட்டும் உணரும். மேலே நிழல் விழுந்தால் பருந்து வந்தது என்பதே பல்லாயிரம் தலைமுறைகளாக அப்பிராணியின் உடல் அறிந்த செய்தி. அன்பாகத்தான் கையை நீட்டுகிறோம் என்று நாம் எண்ணலாம். அதற்கோ அது கருடன் நிழல். ஆகையால் ஓணானைப் பழக்க விரும்புவோன் கற்க வேண்டிய முதற் பாடம், பக்கவாட்டிலிருந்தும் தாழ்விலிருந்தும், அது காணும்படியாகவும், மெதுவாகவும் அணுகுவதே.

நம்பிக்கை வளரும் படிகள்

அம்மன் கோயிலின் வெளிவீதி நிழலில் இளைப்பாறிய வேளையிலே சிறுவனைச் சுற்றி ஊர்ப்பிள்ளைகள் நாலைந்து பேர் கூடிவிட்டனர். கனடாவிலே ஓணானை வீட்டில் வளர்க்கிறார்கள் என்ற செய்தி அவர்களுக்குப் பெருவியப்பு. அவர்கள் கேட்கக் கேட்க அவன் சொன்னவற்றை, நாம் அறிந்தவற்றோடு சேர்த்து இங்கே தொகுத்துத் தருகின்றோம். வெளிநாட்டிலே பேரப்பிள்ளைகள் இத்தகைய பிராணியை வளர்க்கும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கக்கூடும். அவர்களுக்கு இது பயன்படும்.

புதிதாக வீட்டுக்கு வந்த தாடி ஓணானை முதற் கிழமையில் தூக்குதல் ஆகாது. புதுமனை புகுந்த விருந்தாளி முதலில் இடத்தை அறியவேண்டும். ஒளிந்திருக்க ஒரு மறைவு வேண்டும். அச்சமின்றி உணவு கொள்ள வேண்டும். உணவு கொள்ளத் தொடங்குவதே அச்சம் தணிவதற்கு முதல் அடையாளம்.

அதன்பின் நாள்தோறும் சிறிது நேரம் கையைக் கூட்டினுள்ளே அசையாமல் வைத்திருத்தல் வேண்டும். அது நெருங்கி வந்து நாவினால் தொட்டுப் பார்க்கும். நாவினாலே மணத்தையும் சுவையையும் அறிவது அதன் இயல்பு. அவ்வாறு தொட்டுப் பார்த்தபின் ஓடாமல் நின்றதாயின் பாதிக் காரியம் முடிந்தது. புழு பூச்சிகளை இடுக்கியாற் பிடித்து ஊட்டுவது நன்று. விரலால் ஊட்டினால் விரலையும் இரையென்று எண்ணிக் கவ்விவிடக்கூடும்.

தூக்கும்போது உள்ளங்கையை முன்னங்கால்களுக்கு இடையே மார்பின் கீழ் செலுத்தி, மறுகையால் பின்னங்கால்களையும் வாலின் அடியையும் தாங்கவேண்டும். நான்கு கால்களும் எதன்மீதேனும் ஊன்றியிருப்பது முக்கியம். கால் அந்தரத்தில் தொங்கினால் அது விழுகிறோம் என்று அஞ்சித் துள்ளும். பழகும் நாட்களில் தரையிலே அமர்ந்தபடியே ஏந்துவது நல்லது; துள்ளி விழுந்தாலும் அடிபடாது. வாலைப் பற்றி இழுத்தல் ஒருபோதும் கூடாது. பல்லிக்கு வால் அறுந்தால் மறுபடி முளைக்கும். வேலி ஓணானுக்கும் தாடி ஓணானுக்கும் அவ்வாறு முளைப்பதில்லை.

முதல் நாட்களில் ஐந்து நிமிடம் போதும். பின்னர் பத்து, பதினைந்து என்று கூட்டலாம். உணவு உண்டவுடன் தூக்கலாகாது. தோல் உரிக்கும் காலத்தில் தொந்தரவு செய்யலாகாது. தொண்டை கறுத்தாலும், உடலைத் தட்டையாக்கி வாயைப் பிளந்தாலும், அது “வேண்டாம்” என்று சொல்கின்றது. அப்போது கையை மெல்ல விலக்கிவிட வேண்டும். விளக்கின் வெப்பத்தில் அமைதியாகக் கிடக்கும்போது வாயைத் திறந்திருந்தால் அது சினமன்று. உடற்சூட்டைத் தணிக்கும் வழி அது. கையில் இருக்கும்போது கண்களை மூடிக்கொண்டால் இன்பத்தில் உறங்குகிறது என்று உடனே முடிவுகட்டவும் கூடாது. அச்சத்தினாலும் கண்களை மூடிக்கொள்ளும் இயல்பு அதற்கு உண்டு.

குளிர்நாட்டிலே இன்னொரு கவனமும் தேவை. தாடி ஓணானுக்குத் தன்னுடற் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாது. கூட்டின் ஒரு பக்கத்திலே வெயில் காயும் இடம் 38 முதல் 42 பாகை செல்சியஸ் வரையும், மறுபக்கம் 25 பாகை அளவிலும் இருக்கவேண்டும். சூரியனின் புறஊதாக் கதிருக்கு ஈடான விளக்கும் இன்றியமையாதது. அக்கதிர் இல்லையேல் உடலில் வைற்றமின் டி உண்டாகாது. அது உண்டாகாவிடில் சுண்ணச்சத்து எலும்பிற் சேராது. எலும்பு மென்மையாகி வளைந்துவிடும். எலும்பு நொந்த பிராணியைத் தூக்கினால் அதற்கு வலிக்கும். வலித்தால் கையை வெறுக்கும். ஆகவே நம்பிக்கையின் அடித்தளம் நல்ல கூடும் நல்ல விளக்குமே என்பதை மறத்தலாகாது.

கை கழுவுதல் இன்னொரு கட்டாயம். ஊர்வன யாவும் நோயின்றித் தோன்றினும் குடலிலே சல்மனெல்லா என்னும் கிருமியைக் கொண்டிருக்கக்கூடும். தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும். சமையலறையிலே அதன் பாத்திரங்களைக் கழுவலாகாது. முகத்தோடு வைத்து முத்தமிடலாகாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும், கர்ப்பிணிகளும், நோயெதிர்ப்பு வலிமை குன்றியோரும் விலகியிருப்பது நன்று.

“இவ்வளவும் செய்தால் அது உன்னிலை அன்பாயிருக்குமோ?” என்று ஊர்ச்சிறுமி ஒருத்தி கேட்டாள்.

சிறுவன் சற்று யோசித்தான். “அன்போ எண்டு எனக்குத் தெரியாது. என்னைக் கண்டு பயப்பிடாது. அது காணும்” என்றான்.

நெடுந்தீவின் கல்வேலிகள்

குறிகட்டுவானுக்கு மீண்டு, அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம். ஆடி மாதத்துச் சோளகக் காற்றிலே படகு ஏறி இறங்கி ஆடிற்று. நெடுந்தீவு தட்டையான தீவு. கடலடி முருகைக் கற்களைச் சாந்தின்றி அடுக்கி எழுப்பிய வேலிகள் ஒழுங்கைதோறும் நீண்டு செல்கின்றன. கற்களுக்கிடையே ஆயிரம் பொந்துகள். அவற்றிலே அரணையும் ஓணானும் வாழ்கின்றன. ஆபிரிக்கக் கண்டத்துக்குரிய பெருக்கமரம் ஒன்று வயிறு பருத்து நிற்கின்றது. முருகைக் கல்லாலே கட்டப்பெற்ற பழங்கோட்டை இடிந்து கிடக்கின்றது. தெற்கே சென்றால் திறந்த புல்வெளி, அதிலே மட்டக்குதிரைகள்.

இக்குதிரைகள் ஐரோப்பியர் ஆட்சிக்காலத்திலே கொண்டுவரப்பட்டவை. ஒல்லாந்தர் இங்கே குதிரை வளர்த்தனர். ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்திலே நோலன் என்னும் அதிகாரி அத்தொழிலை மேற்பார்த்தார். லாயங்களின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. ஆட்சியாளர் போயினர், குதிரைகள் தங்கிவிட்டன. மனிதக் கையிலே பழகிய பிராணிகளின் வழித்தோன்றல்கள் இன்று மனிதரைக் கண்டால் விலகி ஓடுகின்றன. கோடையிலே நீர்நிலைகள் வற்றும்போது அவை படும் துயரம் பெரிது. 2015 ஆம் ஆண்டில் இத்தீவின் ஒரு பகுதி தேசிய வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது.

புல்வெளியிலே நாம் நெருங்க நெருங்க அவை அகன்றன. சிறுவன் எம்மை நிறுத்தினான். எல்லோரும் நிலத்தில் அமர்ந்தோம். கால் மணி நேரம் சென்றிருக்கும். தாய்க்குதிரை ஒன்று குட்டியுடன் மேய்ந்தபடியே எமக்கு முப்பது பாகத் தொலைவுக்குள் வந்துவிட்டது. நாம் எழுந்தவுடன் காதை நிமிர்த்திற்று, ஆயினும் ஓடவில்லை. ஓணானுக்குச் சொன்ன பாடம் குதிரைக்கும் பொருந்துவதைக் கண்டோம்.

சுருக்கில் அகப்பட்ட ஓணான்

அன்று மாலையில்தான் அந்நிகழ்ச்சி நடந்தது. நாம் தங்கிய வீட்டின் பின்புறத்து ஒழுங்கையிலே பையன்கள் மூவர் தென்னை ஈர்க்கின் நுனியிற் சுருக்கிட்டு ஓணான் ஒன்றைப் பிடித்துவிட்டனர். கழுத்திலே சுருக்கு; வாய் பிளந்திருந்தது; கால்கள் அந்தரத்திலே துடித்தன. அடுத்தது கல்லடி என்பது எல்லோரும் அறிந்ததே. ஓணான் மனிதனின் இரத்தத்தை உறிஞ்சும் என்பது தமிழ்ச் சிறுவர் பலரின் நம்பிக்கை. சேது கட்டிய காலத்திலே அணில் இராமனுக்கு உதவிற்று, ஓணான் அவமதித்தது என்னும் செவிவழிக் கதையும் தமிழகத்திலே உண்டு. ஆங்கிலேயரும் இரத்தமுறிஞ்சி என்றே இதற்குப் பெயரிட்டனர். காரணம் வேறொன்றுமில்லை. இனப்பெருக்க காலத்திலே ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் குருதிச் சிவப்பாகின்றன. நஞ்சும் இல்லை, குருதி குடிப்பதும் இல்லை. பயிரைத் தின்னும் பூச்சிகளைத் தின்று உழவனுக்கு உதவும் பிராணி அது.

நம் சிறுவன் ஓடிச்சென்றான். ஆனால் ஈர்க்கைப் பறிக்கவில்லை, சண்டையிடவும் இல்லை.

“அண்ணா, ஒருக்கால் தாங்கோ. எப்பிடிப் பிடிக்கிறது எண்டு காட்டுறன்” என்றான்.

மூத்த பையன் ஏளனமாகச் சிரித்தபடி ஈர்க்கைக் கொடுத்தான். சிறுவன் நிலத்தில் அமர்ந்து, இடக்கையை ஓணானின் மார்பின்கீழ் வைத்து உடலைத் தாங்கினான். கால்கள் ஊன்றியதும் துடிப்பு அடங்கிற்று. வலக்கை விரலாற் சுருக்கைத் தளர்த்திக் கழற்றினான். ஓணான் சட்டென்று திரும்பி அவன் பெருவிரலைக் கவ்விற்று. அவன் முகம் சுளித்தது; ஆயினும் கையை உதறவில்லை. சில விநாடிகளில் அது தானே விட்டது.

திண்ணையிலிருந்து இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த வீட்டு ஆச்சி, “வேலியிலை போற ஓணானைப் பிடிச்சு மடியிலை விட்டிட்டு, குத்துது குடையுது எண்டானாம் ஒருத்தன். அப்பிடியெல்லோ இருக்கு உன்ரை கதை, ராசா!” என்றார்.

“ஆச்சி, அது பயத்திலை கடிச்சது. நான் மடியிலை விடேல்லை, வேலியிலைதான் விடப்போறன்” என்றான் சிறுவன்.

கல்வேலியின் மீது கையைத் தாழ்த்தி வைத்தான். ஓணான் உடனே ஓடிவிடவில்லை. ஒரு கணம் உள்ளங்கையிலேயே இருந்து இளைத்தது. பின்பு கல்லிடுக்கிற் புகுந்து மறைந்தது. பையன்கள் மூவரும் வாய்பேசாது நின்றனர். இளையவன் மட்டும் மெல்ல, “இரத்தம் குடிக்கேல்லையே!” என்றான். மூத்தவன் ஈர்க்கைக் கையில் எடுத்தான். சற்று நேரம் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்பு இரண்டாக ஒடித்து வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டான். ஆச்சி வேப்பிலையும் மஞ்சளும் தேடி எழுந்தார். தமக்கையார் அதற்கு முன்னரே சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டுவந்துவிட்டார்.

வளர்க்கலாமா, பார்க்கலாமா?

அன்றிரவு பையன்களில் ஒருவன் வந்து, தானும் ஓணான் ஒன்றைப் பெட்டியிலே வளர்க்கலாமா என்று கேட்டான். இக்கேள்வி வாசகர் இல்லங்களிலும் எழக்கூடும். விடை, கூடாது என்பதே. காட்டிலும் வேலியிலும் பிறந்த ஓணான் பெட்டியிலே உணவை மறுத்துப் பெரும்பாலும் மடிந்துபோகும். இலங்கையிலே 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் நம் ஊர்வனவற்றிற் பெரும்பாலானவற்றுக்குக் காவலாக உள்ளன. வெளிநாட்டு ஊர்வனவற்றை அனுமதியின்றி இங்கே கொண்டுவருதலும் குற்றமாகும்.

சட்டம் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கின்றது என்று மாணவர்கள் கேட்கலாம். மலைநாட்டிலே மூக்கில் கொம்புடைய ஓணான்கள் வாழ்கின்றன. உலகில் வேறெங்கும் அவை இல்லை. அவற்றைத் திருட்டுத்தனமாகப் பிடித்து வெளிநாடுகளில் விற்போர் உளர். அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு மாநாடு 2019 ஆம் ஆண்டில் கொழும்பிலே கூடவிருந்தது. அவ்வாண்டு உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர் ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டது. அங்கேதான் இக்கொம்பு ஓணான்களும் இலங்கையின் வேறு சில ஓணான்களும் கட்டுப்பாட்டுப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. ஓணானின் மீது கொண்ட ஆசையே ஓணானின் அழிவுக்குக் காரணமாகிவிடலாகாது.

ஆயின் பிள்ளைகளின் ஆர்வத்தை அடக்கிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. கூடில்லாமலே ஓணானுடன் பழக ஒரு வழி உண்டு. வேலியிலுள்ள ஓர் ஓணானைத் தெரிந்துகொள்ளுங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில், பத்தடிக்கு அப்பால், அசையாமல் அமருங்கள். முதல் நாள் அது ஓடும். சில நாளில் மரத்தின் மறுபுறம் ஒளிந்து எட்டிப் பார்க்கும். பின்னர் உங்களைப் பொருட்படுத்தாமல் எறும்பைப் பிடிக்கும். அதன் நிறம் எவ்வேளையில் மாறுகின்றது, எத்தனை முறை தலையாட்டுகின்றது, எந்த ஓணானைத் துரத்துகின்றது என்பவற்றைக் கொப்பியில் எழுதி வாருங்கள். மாரி தொடங்கும் காலத்திலே பெண் ஓணான் மண்ணைத் தோண்டி முட்டையிட்டு மூடுவதையும் காணும் பேறு கிட்டலாம். முட்டைகள் பொரிக்க ஏறக்குறைய ஆறேழு கிழமைகள் ஆகும்.

தீவகத்துக்குச் செல்லும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். நயினை அம்மனை வணங்குங்கள். ஊர்காவற்றுறையின் கடற்கோட்டையைக் காணுங்கள். நெடுந்தீவின் குதிரைகளைத் துரத்தாமல் தூர நின்று பாருங்கள். பிள்ளைகளை உடன் அழைத்துச் சென்றால், கல்வேலி ஒன்றின் அருகே அரைமணி நேரம் அவர்களை அமரச் செய்யுங்கள். கல்லெறியும் கை ஒன்று அங்கே கல்லைக் கீழே வைக்குமாயின் அப்பயணம் பயனுள்ள பயணமே. அஞ்சிய உயிர் ஒன்றின் நம்பிக்கையைப் பெறுவதற்குப் பொருள் வேண்டியதில்லை, வலிமையும் வேண்டியதில்லை. தாழ்ந்த கையும், பொறுத்த மனமும், “வேண்டாம்” என்று அது சொல்லும்போது விலகிக்கொள்ளும் பண்புமே வேண்டும்.